பிரச்சாரம் வீட்டுக்குள் நுழைந்த வழி: ஸ்டாலின் கால சோவியத் நாட்டில் கலையும் நினைவும்

கேள்வி இதுதான்: "சர்வாதிகார ஆட்சியில் மேடையிலும் பத்திரிகையிலும் பொய் சொல்வார்கள், சரி. ஆனால் மக்கள் வீட்டுக்குள் உண்மையைப் பேசிக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்? நல்ல கலைஞர்கள் அரசுக்கு ஒன்று, தங்களுக்கு ஒன்று என்று எழுதி வைத்திருப்பார்கள்தானே? பிறகு ஏன் ஆட்சி போய் இத்தனை வருடம் ஆகியும் அங்கே நினைவு இவ்வளவு குழம்பிக் கிடக்கிறது?"

ஸ்டாலின் காலத்து சோவியத் ஒன்றியத்தை வைத்துப் பதில் சொல்கிறேன். நான் பல வருடங்களாகப் படித்து வருவது அதைத்தான். சோவியத் ஆட்சியின் கடைசி வருடங்களிலும் 1991க்குப் பிறகும் ஆவணக் காப்பகங்கள் திறந்ததால் நிறைய விஷயம் உறுதியாகத் தெரிந்தும் இருக்கிறது.

வெளியே எவ்வளவு பொய் இருந்தாலும் வீட்டுக்குள் உண்மை பத்திரமாக இருக்கும் என்று கேள்வி நம்புகிறது. அந்த நாட்டில் அப்படி இருக்கவில்லை. குடும்ப ஆல்பத்தில், பிள்ளைகளுக்குச் சொன்ன கதையில், இறந்தவர் செத்த தேதியில்கூட அரசு கை வைத்தது. பெரும்பாலும் அந்த வீட்டுக்காரர்களின் கையாலேயே அதைச் செய்ய வைத்தது. கலைக்கு நடந்ததும் இதே வழியில்தான்.

முதலில் கலையைப் பார்க்கலாம். சோவியத் பிரச்சாரம் என்றதும் சுவரொட்டியும் சிலையும் நினைவுக்கு வரும். அதைவிட முக்கியமானது எழுத்தாளனின் சாப்பாடும் வீடும். 1932 ஏப்ரலில் கட்சியின் மத்தியக் குழு எல்லா இலக்கிய அமைப்புகளையும் ஒரே தீர்மானத்தில் கலைத்தது. அவற்றின் இடத்தில் சோவியத் எழுத்தாளர் சங்கம் என்ற ஒன்று மட்டும் வந்தது. அதன் முதல் மாநாடு 1934 ஆகஸ்டில் மாஸ்கோவில் நடந்தது. சங்கத்தில் இருந்தால் அடுக்ககத்தில் ஓர் இடம், வைத்தியம், ஓய்வு இல்லம், கொடுத்துவைத்தவர்களுக்கு மாஸ்கோவை அடுத்த பெரெதெல்கினோவில் ஒரு மரவீடு எல்லாம் கிடைக்கும். பதிப்பகமும் காகிதமும் அச்சகமும் அரசிடம். ஆகவே சங்கத்தை விட்டு நீக்குவது என்றால் பட்டினி போடுவது. 1946இல் கவிஞர் அன்னா அக்மதோவாவையும் நகைச்சுவை எழுத்தாளர் மிகைல் சோஷென்கோவையும் நீக்கியபோது அவர்களுடைய ரேஷன் அட்டையும் சேர்ந்தே போயிற்று. போர் முடிந்த மறுவருடம் அது, நாட்டில் பஞ்சம் தொடங்கிய வருடமும் அதுதான்.

இந்தச் சங்கம் ஏற்றுக்கொண்ட கொள்கைக்குப் பெயர் சோசலிச யதார்த்தவாதம். நம் இலக்கிய வட்டத்திலும் ஒரு காலத்தில் அடிக்கடி அடிபட்ட சொல். நடைமுறையில் அதன் பொருள், நாளை வரப்போவதாகச் சொல்லப்படுவதை இன்றைக்கே வந்துவிட்டது போல எழுது என்பது.

அதற்கு ஓர் உதாரணம் போதும். வெண்கடலையும் பால்டிக் கடலையும் இணைக்க 227 கிலோமீட்டர் கால்வாய் ஒன்றை 1931இலிருந்து 1933 வரை இருபது மாதங்களில் வெட்டினார்கள். வெட்டியவர்கள் கைதிகள், லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். கையில் கடப்பாரையும் மண்வெட்டியும் மரத்தில் செய்த தள்ளுவண்டியும். அரசாங்கக் கணக்கிலேயே 12,000 பேருக்கு மேல் அங்கே இறந்தார்கள். 1933 ஆகஸ்டில் 120 எழுத்தாளர்களும் கலைஞர்களும் கப்பலில் ஏற்றப்பட்டு அந்தக் கால்வாயைச் சுற்றிக் காட்டப்பட்டார்கள். அவர்களில் 36 பேர் சேர்ந்து எழுதிய பெரிய புத்தகம் 1934 தொடக்கத்தில் கட்சி மாநாட்டுக்கு வந்துவிட்டது. திருடனும் குலாக்கும் (பணக்கார விவசாயி என்று அரசு முத்திரை குத்தியவன்) மண் சுமந்து சுமந்து நல்ல மனிதனாக மாறுகிறான் என்பதே அதன் கதை. அதைத் தொகுத்த மூவரில் முதல்வர் மாக்சிம் கார்க்கி. கார்க்கி 1936இல் இறந்துவிட்டார். மற்ற இருவரான அவெர்பாக்கும் ஃபிரினும் 1937இல் சுடப்பட்டார்கள். புத்தகத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், ஏனென்றால் அதில் புகழப்பட்டிருந்த ரகசிய போலீஸ் தலைவர் யகோதா அதற்குள் கைதாகியிருந்தார். நேற்று எல்லாரும் வாசிக்க வேண்டிய நூல், இன்று வீட்டில் இருந்தாலே குற்றம். இந்தத் திருப்பத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டு நினைவு பற்றிப் பேசும்போது மறுபடியும் வரும்.

இசைக்கு வருவோம். வார்த்தை இல்லாத கலையை அரசு எப்படிப் பிடிக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. இசையமைப்பாளர் த்மீத்ரி ஷோஸ்தகோவிச் 26 வயதில் எழுதி முடித்த ஓர் ஓபரா 1934 ஜனவரியில் லெனின்கிராதில் அரங்கேறி, இரண்டு வருடம் வெற்றிகரமாக ஓடியது. 1936 ஜனவரி 26 அன்று ஸ்டாலின் மாஸ்கோவில் அதைப் பார்க்க வந்தார், முடியும் முன்பே எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் கழித்து கட்சிப் பத்திரிகையான பிராவ்தாவில் "இசைக்குப் பதில் குழப்பம்" என்ற தலைப்பில் கையெழுத்தில்லாத கட்டுரை வந்தது. ஷோஸ்தகோவிச் அப்போது கச்சேரிக்காக அர்க்கான்கெல்ஸ்க் போயிருந்தார், அங்கேதான் பத்திரிகையை வாங்கிப் படித்தார். முந்தைய வாரம் வரை அந்த ஓபராவைப் பாராட்டிக்கொண்டிருந்த விமர்சகர்கள் வரிசையில் நின்று தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். நான்காவது சிம்பொனியின் ஒத்திகை அந்த டிசம்பரில் நடந்துகொண்டிருந்தபோதே அவர் அதை விலக்கிக்கொள்ள வேண்டிவந்தது. ரசிகர்கள் அதைக் கேட்டது 1961 டிசம்பரில், 25 வருடம் கழித்து.

அப்புறம் ஐந்தாவது சிம்பொனி. 1937 நவம்பர் 21, லெனின்கிராத். பெரும் பயங்கரம் என்று இன்று சொல்லப்படும் கைது அலையின் உச்சம் அது. மெதுவாகப் போகும் மூன்றாம் பகுதியில் அரங்கில் பலர் வெளிப்படையாக அழுதார்கள். முடிந்ததும் கைதட்டல் அரை மணி நேரத்துக்கும் மேல் நீண்டது. "நியாயமான விமர்சனத்துக்கு ஒரு சோவியத் கலைஞனின் படைப்பு வழியிலான பதில்" என்று அதற்கு ஒரு பட்டம் கட்டப்பட்டது. ஒரு பத்திரிகையாளர் கொடுத்த பட்டம் அது. ஷோஸ்தகோவிச் அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார்.

அந்த இசையின் கடைசிப் பகுதியில் வரும் வெற்றி முழக்கம் உண்மையா, அடித்து வாங்கிய சந்தோஷமா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. என் கருத்தைச் சொல்கிறேன். இசைக்குள் ரகசியச் செய்தி ஒளித்து வைத்திருக்கிறார் என்று துருவுவதைவிட, அரங்கில் இருந்தவர்களைப் பார்ப்பது பயனுள்ளது. அந்த வருடம் அந்த நகரத்தில் யாராவது ஒரு சொந்தக்காரரையோ கூட வேலை பார்த்தவரையோ இழக்காதவர் அபூர்வம். அவர்களுக்காக வாய்விட்டு அழ எங்கேயும் இடமில்லை. மக்கள் விரோதி என்று அரசு முத்திரை குத்தியவருக்காக அழுபவர் யார் என்று கேள்வி வரும். அரசு அனுமதித்த ஒரு கச்சேரியில், பக்கத்து நாற்காலிக்காரர் பார்க்க, காரணம் சொல்லத் தேவையில்லாமல் அழ முடிந்தது. மறுநாள் பத்திரிகைகள் அதையே சோவியத் கலையின் வெற்றி என்று எழுதின. ஒரே இரவு, ஒரே இசை, அது அரசுக்கும் பயன்பட்டது, அழுதவர்களுக்கும் பயன்பட்டது. அரசுக்கு ஒன்று தனக்கு ஒன்று என்று பிரித்து வைக்க முடிந்த வசதி அங்கே மிகச் சிலருக்கே இருந்தது.

பிரித்து வைக்க முயன்றவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதற்கு அக்மதோவாதான் சாட்சி. அவருடைய மகன் லெவ் 1938இல் மறுபடியும் கைதானபோது, சிறை வாசலில் மற்ற தாய்மார்களோடு பதினேழு மாதம் வரிசையில் நின்றார். அதைப் பற்றிய கவிதைத் தொடரைக் காகிதத்தில் எழுதி வைக்கவே முடியாது. லிதியா சுக்கோவ்ஸ்கயா என்ற எழுத்தாளர், அவருடைய தோழி, அந்தக் காட்சியைத் தன் குறிப்பில் எழுதியிருக்கிறார். பலரும் பங்கிட்டு வாழ்ந்த ஒரு வீட்டின் ஓர் அறை. பேசிக்கொண்டிருக்கும்போதே அக்மதோவா திடீரென்று நிறுத்துவார். கண்ணாலேயே சுவரையும் உத்தரத்தையும் காட்டுவார், ஒட்டுக்கேட்கிறார்கள் என்று. ஒரு துண்டுக் காகிதத்தை எடுப்பார். "டீ குடிக்கிறீர்களா?" என்று சத்தமாகக் கேட்டபடியே கடகடவென்று எழுதி நீட்டுவார். சுக்கோவ்ஸ்கயா சத்தமில்லாமல் படித்து மனப்பாடம் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். "இந்த வருடம் சீக்கிரமே இலையுதிர்காலம் வந்துவிட்டது" என்று மறுபடியும் சத்தமாக ஒரு பேச்சு. தீக்குச்சி கிழிக்கும் ஒலி. காகிதம் சாம்பல் கிண்ணத்தில் எரிந்துபோகும். இப்படி ஒரு சிலரின் தலைக்குள் மட்டுமே இருந்த அந்தத் தொடர் 1963இல் மியூனிக்கில் அச்சானது. சொந்த நாட்டில் 1987இல்தான்.

ஓசிப் மண்டெல்ஸ்தாமின் கவிதைகளும் அப்படித்தான் பிழைத்தன. 1933இல் ஸ்டாலினைப் பற்றி எழுதிய ஒரு சிறு கவிதையைச் சிலரிடம் சொல்லிக் காட்டினார், மறுவருடம் கைது. 1938 டிசம்பரில் விளாதிவஸ்தோக் அருகே இடைத்தங்கல் முகாமில் இறந்தார். அவர் மனைவி நதேழ்தா ஒரு நூற்பாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்து, இயந்திரங்களுக்கு நடுவே ஓடியபடியே கணவரின் கவிதைகளை வாய்க்குள் முணுமுணுத்து மறக்காமல் காப்பாற்றினார்.

இதையெல்லாம் வீரக்கதையாக மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனமில்லை. 1949இல் லெவ் இன்னொரு முறை கைதானார். 1950இல் அக்மதோவா ஸ்டாலினைப் புகழும் கவிதைகளை எழுதி ஒரு பெரிய வாரப்பத்திரிகையில் வெளியிட்டார், மகனை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில். விடவில்லை. லெவ் வெளியே வந்தது 1956இல், ஸ்டாலின் இறந்து மூன்று வருடம் கழித்து. மண்டெல்ஸ்தாமும் 1937இல் ஸ்டாலினுக்கு ஒரு புகழ்ப்பாட்டு எழுதினார். அதுவும் அவரைக் காப்பாற்றவில்லை. இந்தக் கவிதைகளைக் காட்டி இவர்களைக் குறை சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. பெற்ற பிள்ளை சிறையில் இருக்கும்போது எழுதியதை வெறும் துதி என்று ஒதுக்குவது அநியாயம்.

இப்போது வீட்டுக்குள் போவோம்.

அலெக்சாந்தர் ரோத்சென்கோ புரட்சிக் காலத்தின் பெரிய வடிவமைப்பாளர், புகைப்படக்காரர். 1934இல் உஸ்பெகிஸ்தான் சோவியத் குடியரசின் பத்தாண்டு நிறைவுக்கு ஒரு ஆடம்பர ஆல்பத்தை அவர் வடிவமைத்தார். மூன்று வருடத்தில் அதில் படம் இருந்த தலைவர்கள் பலர் மக்கள் விரோதிகள் ஆனார்கள். அக்மால் இக்ராமோவ், ஃபைசுல்லா கோஜாயெவ் இருவரும் 1938 மார்ச்சில் சுடப்பட்டார்கள். ரோத்சென்கோ தன் வீட்டிலிருந்த பிரதியை எடுத்து, தான் வடிவமைத்த பக்கங்களில் அந்த முகங்களின் மேல் கறுப்பு மையைத் தடவி மூடினார். 1980களில் பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் டேவிட் கிங் மாஸ்கோவில் அந்தப் பிரதியைப் பார்த்தார். தோள், கோட்டு, பதக்கம் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. முகம் இருந்த இடத்தில் மட்டும் கறுப்புக் கறை. நாம் அடிக்கடி பார்க்கும் திருத்திய படங்கள், அதாவது ஸ்டாலின் பக்கத்தில் மாஸ்கோ-வோல்கா கால்வாய்க் கரையில் நின்ற யெஷோவ் (யகோதாவுக்குப் பின் ரகசிய போலீஸ் தலைவராக இருந்தவர்) அப்புறம் தண்ணீராக மாறிய படம் போன்றவை, அரசு அலுவலகத்தில் அதற்கென்று இருந்தவர்கள் சுத்தமாகச் செய்தவை. ரோத்சென்கோவின் ஆல்பம் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் அது வீட்டில் செய்தது.

ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதைச் செய்தன. கைதானவரின் படத்தை எரித்தார்கள். எரிக்க மனமில்லாதவர்கள் கல்யாணப் படத்திலிருந்து அண்ணனின் தலையை மட்டும் கத்தரித்து எடுத்தார்கள். நடுவில் ஓட்டை விழுந்த குரூப் போட்டோக்கள் ரஷ்யக் குடும்ப ஆல்பங்களில் இன்றும் இருக்கின்றன. வீட்டுக்குள் சோதனை வந்தால் அந்த முகம் இருக்கக்கூடாது. அந்தப் பயம் போதும். பெற்றோர் கத்தரித்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, ஓட்டை இருந்த இடத்தில் யார் என்று கேட்கக்கூடாது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொண்டது.

இந்தப் பழக்கம் எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்றால், ஸ்டாலின் இறந்த பின்னும் அரசு அதை வெளிப்படையாகக் கேட்டது. 1953இல், ஸ்டாலின் காலத்தில் ரகசிய போலீஸ் தலைவராக இருந்த பெரியா கைதானார். பெரிய சோவியத் கலைக்களஞ்சியத்தின் ஐந்தாம் தொகுதியில் அவரைப் பற்றிப் புகழ்ச்சிக் கட்டுரையும் முழுப்பக்கப் படமும் இருந்தன. சந்தாதாரர்களுக்குத் தபாலில் புதிய பக்கங்கள் வந்தன, ஒரு குறிப்போடு: 21 முதல் 24 வரையிலான பக்கங்களையும் படத்தையும் கத்தரிக்கோலாலோ சவர பிளேடாலோ வெட்டி எடுத்துவிட்டு இவற்றை ஒட்டிக்கொள்ளவும். அகர வரிசையில் பெரியாவுக்கு அருகே வரும் பெரிங் கடலைப் பற்றிய கட்டுரையும் படங்களும் அந்த இடத்தை நிரப்பின.

சரி, முகத்தை வெட்டினாலும் மனதுக்குள் உண்மை தெரியுமே என்று கேட்கலாம். இங்கேதான் விஷயம் கடினமாகிறது. ஸ்தேபன் பொத்லூப்னி என்ற இளைஞரின் நாட்குறிப்பு இருக்கிறது. உக்ரைனில் குலாக் என்று முத்திரை குத்தப்பட்டு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டவரின் மகன். 1931இல் அம்மாவோடு போலிச் சான்றிதழில் மாஸ்கோவுக்கு வந்து, பிராவ்தா அச்சகத்தின் தொழிற்பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். தனக்குள் குலாக் மனம் இருக்கிறது, அதை வேரோடு பிடுங்கி நல்ல சோவியத் மனிதனாக வேண்டும் என்பதற்காகவே அவர் நாட்குறிப்பு எழுதினார். யாருக்கும் காட்டாத நோட்டு அது. அந்த நோட்டிலும் அவர் தன்னை எடைபோட்டது பத்திரிகையின் வார்த்தைகளால்தான், ஏனென்றால் தன்னைப் பற்றி யோசிக்க அவரிடம் வேறு வார்த்தைகள் இருக்கவில்லை. 1937 இறுதியில் அம்மா கைதானார், சமூகப் பின்னணியை மறைத்த குற்றத்துக்காக. படிப்பறிவு குறைந்த அந்த அம்மாவுக்கு ட்ராட்ஸ்கியவாதி, அதாவது ஸ்டாலினின் அரசியல் எதிரியான ட்ராட்ஸ்கியின் ஆள் என்ற பட்டம். நாட்குறிப்பு அங்கே தடுமாறுகிறது. அம்மா அப்படிப்பட்டவர் இல்லை என்று கைக்கும் கண்ணுக்கும் தெரிகிறது, ஆனால் அதை எழுத அவர் பழகிய மொழியில் இடமில்லை.

இதையே ஒரு குறுநாவலாக சுக்கோவ்ஸ்கயா அந்தக் காலத்திலேயே எழுதிவிட்டார், 1939-40 குளிர்காலத்தில், ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில். தட்டச்சு வேலை பார்க்கும் ஒரு விதவைத் தாய். பத்திரிகையில் வருவதை அப்படியே நம்புகிறவர். மகன் கைதாகிறான். சிறை வாசலில் வரிசையில் நிற்கும் மற்ற பெண்களைப் பார்த்து, இவர்களெல்லாம் உண்மையான விரோதிகளின் தாய்மார், என் பிள்ளை மட்டும் தவறுதலாகப் பிடிபட்டவன் என்று நினைக்கிறார். பக்கத்தில் நிற்பவரும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரே வரிசையில் நின்றும் ஒருவருக்கு ஒருவர் சாட்சியாக முடியாமல் போவதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன வேறு எழுத்தை நான் படித்ததில்லை. அதை நண்பர் ஒருவர் வீட்டில் ஒளித்து வைத்தார். வெளிநாட்டில் 1965இல் வந்தது, சோவியத் நாட்டில் 1988இல்.

சுக்கோவ்ஸ்கயாவின் கணவர் மத்வேய் பிரான்ஸ்டைன் இயற்பியலாளர். ஈர்ப்பு விசையைக் குவாண்டம் முறையில் புரிந்துகொள்ள முயன்ற முதல் சிலரில் ஒருவர். 1937 ஆகஸ்டில் கைதானார். மனைவிக்குக் கிடைத்த பதில்: "பத்து வருடம், கடிதத் தொடர்புக்கு உரிமை இல்லாமல்." 1938 பிப்ரவரி 18 அன்றே அவரைச் சுட்டுவிட்டார்கள். 1937, 1938 இரண்டு வருடங்களில் ரகசிய போலீசின் சொந்தக் கணக்குப்படி 6,81,692 பேருக்கு மரண தண்டனை. அவர்களில் ஏராளமானோரின் குடும்பங்களுக்கு இதே வாக்கியம்தான் சொல்லப்பட்டது. எங்கோ தூரத்து முகாமில் உயிரோடு இருக்கிறார் என்று நம்பி மனைவிமார் காத்திருந்தார்கள், சிலர் மறுமணத்தைத் தள்ளிப்போட்டார்கள்.

பத்து வருடம் முடிந்த பின் மக்கள் கேட்கத் தொடங்கினார்கள். அதற்கும் ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. 1955 ஆகஸ்டில் கே.ஜி.பி. ஒரு ரகசிய உத்தரவு போட்டது: சுடப்பட்டவர்களின் குடும்பத்துக்கு, அவர் முகாமில் நோயால் இறந்தார் என்று சொல்ல வேண்டும், கைதான நாளிலிருந்து பத்து வருடத்துக்குள் ஏதாவது ஒரு தேதியைக் குறிப்பிட வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து ஒருவர் ஒரு தேதியையும் ஒரு நோயையும் தேர்ந்தெடுத்தார். பதிவாளர் அலுவலகம் முத்திரை போட்டுச் சான்றிதழ் கொடுத்தது. பல தேதிகள் போர் வருடங்களில் விழுந்தன. எல்லாரும் செத்துக்கொண்டிருந்த காலம் என்பதால் சந்தேகம் வராது.

எழுத்தாளர் இசாக் பாபெல் 1939 மேயில் கைதாகி, 1940 ஜனவரி 27 அன்று சுடப்பட்டார். அவர் துணைவி அந்தொனினா பிரோஷ்கோவா பொறியாளர், மாஸ்கோ மெட்ரோவின் புகழ்பெற்ற பளிங்கு நிலையங்களை வடிவமைத்தவர்களில் ஒருவர். பாபெல் உயிரோடு முகாமில் இருக்கிறார் என்றே அவருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 1947இல், அடுத்த வருடம் விடுதலையாவார் என்றுகூடச் சொன்னார்கள். 1954இல் பாபெல் குற்றமற்றவர் என்று அறிவித்தபோது கொடுத்த இறந்த தேதி 1941 மார்ச் 17. அதுவும் பொய். எடுத்துச் சென்ற கையெழுத்துப் பிரதிகள் இன்றுவரை கிடைக்கவில்லை.

திதி பார்த்துப் படையல் போடும் நமக்கு இது எவ்வளவு பெரிய கொடுமை என்று விளக்கத் தேவையில்லை. அங்கேயும் இறந்த நாளில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். லட்சக்கணக்கான வீடுகளில் அரசு அதிகாரி ஒருவர் கற்பனையில் எழுதிய தேதியில் முப்பது வருடத்துக்கும் மேல் மெழுகுவர்த்தி எரிந்தது. உண்மையான தேதிகளைக் கொடுக்கும் உத்தரவு பொதுவாக வந்தது 1989இல். அதற்குள் காத்திருந்த மனைவிமார் பெரும்பாலோர் போய்விட்டார்கள். வீட்டுக்குள் உண்மை பத்திரமாக இருந்திருக்குமே என்ற கேள்விக்கு என் நேரடியான பதில் இந்தச் சான்றிதழ்தான். குடும்பம் அதை நம்பியது. பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னது. அவர்களுடைய நினைவில் பொய் சொன்னவர் யாரும் இல்லை, ஆனாலும் நினைவு பொய்.

கலை இந்த இடத்தில் மறுபடியும் உள்ளே வருகிறது, இந்த முறை வேறு வேலைக்கு. 1946-47 பஞ்சத்தில் பத்து லட்சத்துக்குக் குறையாதவர்கள் இறந்தார்கள். பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை. 1950இல் குபான் பகுதிக் கூட்டுப்பண்ணைகளைப் பற்றி ஒரு வண்ணப்படம் வெளியானது. திரை முழுக்கச் சந்தை, தர்ப்பூசணிக் குவியல், புதுத்துணி, பாட்டு. 1956இல், ஸ்டாலினுக்குப் பின் கட்சித் தலைவரான குருஷ்சேவ் தன் ரகசிய உரையில் இந்த மாதிரிப் படங்களைக் கண்டித்தார்: மேசை முறியும் அளவுக்கு வான்கோழியும் வாத்தும் அடுக்கியிருக்கும் படங்களைப் பார்த்துத்தான் ஸ்டாலின் கிராமத்தைத் தெரிந்துகொண்டார் என்றார். ஆனால் மக்கள் அந்தப் படத்தை நேசித்தார்கள். பசித்தவர்களே நேசித்தார்கள். பாட்டுகள் உண்மையிலேயே அருமையான பாட்டுகள். கல்யாணத்தில் பாடினார்கள், வயதான பின்னும் பாடினார்கள். பஞ்சத்துக்கு ஒரு படமும் இல்லை, பாட்டும் இல்லை, நினைவு நாளும் இல்லை. ஐம்பது வருடம் கழித்து அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்கும்போது எது முதலில் வாயில் வரும்? அவர்களைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. நினைவுக்கு ஏதாவது ஒரு பிடி வேண்டும். அரசு ஒரு பக்கத்துக்கு மட்டும் நிறையப் பிடிகளைக் கொடுத்தது, மறுபக்கத்தில் இருந்தவற்றையெல்லாம் எடுத்துவிட்டது.

எதிர்ப்பக்கத்திலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. முகாமிலிருந்து திரும்பியவர்களை 1970களின் இறுதியிலிருந்து பேட்டி கண்டு வந்த வரலாற்றாளர் இரினா ஷெர்பகோவா ஒரு விஷயத்தைக் கவனித்தார். முகாம் இலக்கியம் கைமாறிப் பரவத் தொடங்கிய பிறகு, அந்தப் புத்தகங்களில் வந்த காட்சிகளைச் சிலர் தங்களுக்கு நடந்ததாகவே சொன்னார்கள். வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை அது. இருபது வருடம் வாய்திறக்காமல் இருந்தவர்களுக்கு, யாரோ ஒருவர் முதன்முதலாக வார்த்தை கொடுத்தபோது அந்த வார்த்தைக்குள் தங்கள் வாழ்க்கையையும் வைத்துக்கொண்டார்கள்.

இதில் நமக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழில் அச்சிட்ட புத்தகங்கள் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாகக் குறைந்த விலையில் ஊர் ஊராக வந்தன. நல்ல தாள், அழகான ஓவியங்கள், உழைத்துச் செய்த மொழிபெயர்ப்பு. தமிழில் ஒரு தலைமுறைக்கே ரஷ்யா என்றால் பனியும் பிர்ச் மரமும் சிரித்த முகக் குழந்தைகளும்தான். எனக்கும் அந்தப் புத்தகங்கள் மேல் பிரியம் உண்டு, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அக்மதோவாவின் சிறைவாசல் கவிதைகளும் சுக்கோவ்ஸ்கயாவின் குறுநாவலும் அந்த வரிசையில் வந்திருக்கவே முடியாது. நம் அலமாரியிலும் அந்த ஓட்டை இருந்தது, நமக்குத் தெரியவில்லை.

ஆட்சி போன பின்னும் ஏன் குழப்பம் என்ற கடைசிப் பகுதிக்கு ஓர் இடத்தைக் காட்டிப் பதில் சொல்கிறேன். மேலே சொன்ன வெண்கடல் கால்வாய்க்கு அருகே, கரேலியாவில், சந்தர்மோக் என்ற காடு இருக்கிறது. 1937-38இல் அங்கே 6,000 பேருக்கு மேல் சுட்டுப் புதைக்கப்பட்டார்கள். கால்வாய்க் கைதிகள் அதில் உண்டு. சலவ்கி சிறைத்தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட 1,111 பேரும் உண்டு. உக்ரைனின் நாடக மேதை லெஸ் குர்பாஸ், நாடகாசிரியர் மிகோலா குலீஷ், கவிஞர் மிகோலா ஸெரோவ் எல்லாரும் 1937 நவம்பர் 3 அன்று அங்கே சுடப்பட்டார்கள். ஒரு தலைமுறையின் உக்ரைன் இலக்கியத்தில் பெரிய பங்கு ஒரே காட்டில் கிடக்கிறது. இடம் 1997இல்தான் தெரிந்தது, மெமோரியல் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள் ஆவணங்களைப் படித்துத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

2018இலும் 2019இலும் அரசு ஆதரவு பெற்ற ராணுவ வரலாற்றுச் சங்கம் அங்கே மறுபடியும் தோண்டியது. அங்கே கிடப்பவர்களில் ஒரு பகுதியினர் போரில் ஃபின்லாந்துப் படை கொன்ற சோவியத் போர்க்கைதிகளாக இருக்கலாம் என்பது அவர்கள் முன்வைக்கும் வாதம். இடத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான யூரி த்மீத்ரியேவ் 2016இல் கைதானார். அவர் மேல் உள்ள குற்றச்சாட்டு வேறு. அது ஜோடிக்கப்பட்டது என்கிறது மெமோரியல். 2021 டிசம்பர் 27 அன்று அவருடைய தண்டனை 15 வருடமாக உயர்த்தப்பட்டது. மறுநாள் ரஷ்ய உச்ச நீதிமன்றம் மெமோரியலையே கலைக்க உத்தரவிட்டது. அதற்கு அடுத்த வருடம் மெமோரியலுக்கு நோபல் அமைதிப் பரிசில் பங்கு கிடைத்தது. அவர்கள் தொகுத்த, 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட பட்டியல் இணையத்தில் இருக்கிறது. தாத்தா எந்த நாளில் இறந்தார் என்று தெரியாத குடும்பங்கள் அதில்தான் தேடுகின்றன.